பெருந்தொற்றும் மின்சாரமும்: ரெக்சாஸ் தரும் பாடம்

பெருந்தொற்றுக் காலத்தில் மின்சாரத்தின் பாவனை குறைந்தது; அதன் அவசியமோ கூடியது. இதனை ரவுண்ட் ராக் நகரில் வாழும் எம்மவர் நேரிற் கண்டனர். ரெக்சாஸின் பெரும்பகுதிக்கு மின்வலையமைப்பை நெறிப்படுத்தும் எர்கொட் அமைப்பின் கட்டுப்பாட்டு மையம், அயலிலுள்ள ரெய்லர் நகரிலேயே இயங்குகின்றது.

2020 மார்ச்சில் அலுவலகங்களும் பாடசாலைகளும் மூடப்பட்டபோது வணிக நிலையங்களின் மின்பாவனை வீழ்ந்தது. வீடுகளின் பாவனை உயர்ந்தது. இந்தியாவில் ஊரடங்கின்போது மின்தேவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் திகதி இரவு ஒன்பது நிமிடங்கள் விளக்குகள் அணைக்கப்பட்டபோது, 31,000 மெகாவாற் அளவிலான திடீர் வீழ்ச்சியையும் அந்நாட்டின் வலையமைப்பு தாங்கிக்கொண்டது. முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்டிருந்ததே அதற்குக் காரணமாகும்.

ரெக்சாஸில் இல்லாமற்போனது அந்த ஆயத்தமே. 2021 பெப்ரவரியில் கடுங்குளிர்ப் புயல் தாக்கியபோது எரிவாயு விநியோகம் உறைந்தது. மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 45 இலட்சத்துக்கும் அதிகமான இல்லங்களும் வணிக நிலையங்களும் மின்சாரத்தை இழந்தன. அயல் மாநிலங்களுடன் சொற்ப இணைப்பே இருந்தமையால் வெளியுதவி போதவில்லை. முழு வலையமைப்பும் சரிய 4 நிமிடங்கள் 37 செக்கன்களே எஞ்சியிருந்ததாக எர்கொட் பின்னர் தெரிவித்தது. மாநில அரசின் கணக்கின்படி 246 பேர் மாண்டனர்.

நிலையங்களை நிறுத்தியது நோயன்று, குளிரே. ஆனால் மின்தடையின் கொடுமையை நோய் இரட்டிப்பாக்கியது. தனித்திருக்குமாறு பணிக்கப்பட்ட மக்கள், குளிருக்கு அஞ்சி உறவினர் வீடுகளிலும் பொது மண்டபங்களிலும் நெருங்கித் தங்க நேர்ந்தது. வேலையிழந்தோர்க்கென வழங்கப்பட்ட மின்கட்டண நிவாரணமோ 2020 இலேயே முடிவுற்றிருந்தது. 2011 ஆம் ஆண்டுக் குளிரின் பின்னரே நிலையங்களைப் பாதுகாக்குமாறு பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அதனைக் கட்டாயமாக்கும் சட்டமோ, இத்தனை உயிர்கள் போன பின்னர் 2021 இலேயே வந்தது.

இலங்கையிலும் இதே பாடம் வேறு வடிவில் வெளிப்பட்டது. பெருந்தொற்றினால் உல்லாசப் பயணத்துறையின் வருவாய் வற்றியது. தவறான பொருளாதாரக் கொள்கைகளும் கடன்சுமையும் அதனோடு சேர, எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாது போயிற்று. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது.

ஜாம் போத்தல் விளக்கொளியிற் படித்த எமது தலைமுறைக்கு இருள் புதிதன்று. செல்வம் மிகுந்த நாட்டில் அது வராதென்ற நம்பிக்கையே தவறானது. வீட்டில் மருத்துவக் கருவியை நம்பி வாழ்வோர் இருப்பின், வைத்தியரின் அத்தாட்சியுடன் மின்விநியோக நிறுவனத்திற் பதிவுசெய்தல் நன்று. ஆயினும் அப்பதிவு தடையற்ற மின்சாரத்துக்கு உத்தரவாதமாகாது. மாற்று ஏற்பாடும் எம் கைவசம் இருத்தல் வேண்டும்.