பொய் டாங்கியும் மெய் லாரியும்

வானத்திலிருந்து எடுத்த படம் பொய் சொல்லாது என்று நம் இளைஞர்கள் பலர் நம்பிக் கொண்டிருக்கிறார்கள். பாலைவனத்தைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும்!

1942. எகிப்தின் அல் அலமைன். ஒரு பக்கம் மாண்ட்கோமரியின் பிரிட்டிஷ் படை; எதிரே ரோமலின் ஜெர்மன், இத்தாலியப் படை. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. டாங்கிகளை எங்கே ஒளிப்பது? வேஷம் போட்டார்கள்! சட்டமடித்துக் கித்தான் போர்த்திய கூடுகளை டாங்கிகள் மேல் கவிழ்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் சாதாரண லாரி. இப்படி 722 கூடுகள். டாங்கிகள் முன்பு நின்ற இடத்தில் பொம்மை டாங்கிகள். பெட்ரோல் டின்களைப் பழைய பதுங்குகுழிச் சுவர்களை ஒட்டி அடுக்கினார்கள். நிழல் மாறவில்லை, படத்திலும் தெரியவில்லை. தெற்கே, காலி டின்களை வைத்து ஒரு பொய்க் குழாய்ப்பாதை! அது நீளும் வேகத்தைக் கணக்குப் போட்டால், நவம்பருக்கு முன் தாக்குதல் இல்லை என்று தோன்றும். அக்டோபர் 23 இரவு வடக்கே பீரங்கிகள் முழங்கியபோது ரோமல் சிகிச்சைக்காக ஐரோப்பாவில் இருந்தார். ஜெர்மனியரின் ஒரு டாங்கி டிவிஷன் தெற்கிலேயே காத்துக் கிடந்தது.

இதையெல்லாம் ஜாஸ்பர் மாஸ்கலின் என்ற மந்திரவாதி செய்ததாக ஒரு கதை உண்டு. பெரும்பகுதி அவர் ஊதிய பலூன். உழைத்தவர்கள் சினிமாக்காரர் ஜெஃப்ரி பார்காஸும் ஓவியர் டோனி ஏர்ட்டனும்தான்.

சிப்பாயைச் சிப்பாய் ஏமாற்றுவது போரில் சகஜம். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் 1991 வளைகுடா யுத்தத்தில் நடந்தது என்ன? குறி தவறாத குண்டு என்று டி.வி.யில் படம் காட்டினார்கள். உலகமே வாய்பிளந்து பார்த்தது. ஈராக்கோ பாலைவனத்தில் பொம்மை ஸ்கட்களை நிறுத்தி வைத்திருந்தது! நடமாடும் ஏவுவண்டிகள் சுமார் 80ஐ அழித்துவிட்டதாக விமானிகள் கணக்குச் சொன்னார்கள். 1993இல் அமெரிக்க விமானப்படைக்காகவே நடந்த ஆய்வு, விமானங்கள் அப்படி ஒரு வண்டியையாவது அழித்ததற்கு மறுக்க முடியாத சான்று இல்லை என்றது. அடிபட்டவை பொம்மைகளாக இருக்கலாம், லாரிகளாகவும் இருக்கலாமாம்!

லாரி என்றால் அதில் ஓட்டுநர் இருப்பாரே? சரக்கு அனுப்பிப் பிழைக்கும் நம் வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாக்தாத்–அம்மான் நெடுஞ்சாலையில் எண்ணெய் ஏற்றிவந்த ஜோர்டான் டேங்கர் லாரிகள் குண்டுக்கு இரையாயின; ஓட்டுநர்கள் மாண்டார்கள். அந்தச் சாலையில் ராணுவச் சரக்கும் போகிறதே என்பதுதான் அமெரிக்கா சொன்ன பதில். அந்த ஓட்டுநர்கள் எந்த வேஷமும் போடவில்லை.