கஞ்சா: விதை தீர்மானிப்பதும் மண் தீர்மானிப்பதும்

வடக்குக் கடலோரத்தில் கஞ்சா பிடிபட்ட செய்தி நமக்குப் புதிதல்ல. அந்தச் செய்திகளில் எடை இருக்கும், பெறுமதி இருக்கும், ‘கேரள கஞ்சா’ என்ற பெயரும் இருக்கும். அந்தப் பெயர் பொதி வந்த வழியைக் காட்டுமே தவிர, உள்ளே இருப்பதன் வீரியத்தைச் சொல்லாது.

மறுபக்கத்தில், 2025 ஆகஸ்ட்டில் ஏற்றுமதிக்காக மட்டும் மீரிகமவில் 64 ஏக்கரில் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி அறிவிக்கப்பட்டது. ஒரே செடி ஓரிடத்தில் குற்றம், இன்னோரிடத்தில் முதலீடு. உண்மையில் அது ‘ஒரே செடி’தானா?

கஞ்சாவில் போதை தருவது ரி.எச்.சி. போதை தராத, மருந்துத்துறை நாடும் பொருள் சி.பி.டி. இரண்டும் ஒரே மூலப்பொருளிலிருந்து உருவாகின்றன. அந்த மூலப்பொருள் எதுவாக மாறும் என்பதைச் செடியின் மரபணு தரும் நொதியமே தீர்மானிக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரும்பாலும் விதையிலேயே முடிவாகிவிடுகிறது. மொத்த அளவை வெளிச்சம், வெப்பம், நீர், பசளை, அறுவடை நாள் என்பன கூட்டும், குறைக்கும்.

பயிரிடுபவருக்கு ஆபத்தும் இங்கேதான். அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டம் ரி.எச்.சி 0.3 வீதத்தைத் தாண்டாத பயிரையே ‘ஹெம்ப்’ என ஏற்கிறது. சி.பி.டி வகைச் செடியும் சிறிதளவு ரி.எச்.சியை உண்டாக்கும். பூ முதிர முதிர இரண்டும் சேர்ந்தே ஏறும். நல்ல விளைச்சலே சட்ட எல்லையைத் தாண்ட வைத்துவிடலாம்.

பெயரை நம்பியும் விதை வாங்க முடியாது. 2015 இல் கனடிய ஆய்வாளர்கள் 81 போதைவகை, 43 ஹெம்ப் மாதிரிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். சந்தைப் பெயர்கள் பல வேளைகளில் மரபணு உறவோடு பொருந்தவில்லை.

அடுத்தது பகல் நீளம். பல கஞ்சா வகைகள் பகல் குறுகும்போதே பூக்கின்றன. ஐரோப்பிய வகைகள் 15, 16 மணித்தியாலக் கோடைப் பகலுக்குப் பழகியவை. நமது பகலோ ஆண்டு முழுவதும் 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். அந்த விதையை இங்கே போட்டால் வளருமுன்னே பூத்து, குட்டையாக நின்றுவிடும். கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றை ஈரவலயத்தில் நட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக் காய்ப்பை எதிர்பார்ப்பது போன்றதுதான் இதுவும்.

இத்திட்டம் நாளை வன்னிக்கும் வரலாம். போரில் எல்லாவற்றையும் இழந்து, கடனோடு மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு ‘பணப்பயிர்’ என்ற சொல் காட்டும் ஆசை பெரிது. அதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். விதை யாருடையது? இந்த மண்ணிலும் பகலிலும் அது பரீட்சிக்கப்பட்டதா? இரசாயனப் பரிசோதனை எங்கே நடக்கும்? எல்லை தாண்டிய பயிரை அழிக்க நேர்ந்தால் நட்டம் யார் தலையில்?

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூவை விற்கலாம் என மாற்றியது. சட்டம் ஓர் இரவில் மாறலாம். நட்ட பயிரும் வாங்கிய கடனும் அப்படி மாறுவதில்லை.