அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் வரி போய்விடுமா?

 



ஒரு கேள்வியை நேராகவே கேட்டுவிடுகிறோம். கைப்பேசியில் விரலால் தட்டிச் சீனாவிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒரு பொருளை வாங்குகிறீர்கள். கொடுத்தது உங்கள் பணம். விற்றவர் உங்களுக்கு மாமனும் அல்ல, மச்சானும் அல்ல. ஆனால் பார்சலின் மேல் ஒட்டும் சீட்டில் மட்டும் 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்கிறீர்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஆயிரம் ரூபாய் என்று விலை போடச் சொல்கிறீர்கள். இது யாரை ஏமாற்றுவதற்கு?

"சுங்க அதிகாரியைத்தானே" என்பீர்கள். இல்லை சகோதரரே! முதலில் ஏமாறுபவர் உங்கள் தெருமுனையில் வரி கட்டிக் கடை நடத்தும் நம் சமுதாய வணிகர். இரண்டாவதாக ஏமாறுபவர் நீங்களேதான்.

குருவிகளின் காலம்

சுங்கம் என்ற சொல் நம் மக்களுக்குப் புதியதல்ல. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னையில் உருவானது பர்மா பஜார். சிங்கப்பூர் வானொலிப் பெட்டி முதல் ஜப்பான் கைக்கடிகாரம் வரை அங்கே குவிந்திருந்த காலம் ஒன்று உண்டு. சரக்கைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்தவர்களைக் 'குருவிகள்' என்றார்கள். விமான நிலையத்தில் பெட்டி திறக்கப்படும்போது நெஞ்சு படபடக்க நின்றவர்களில் நம் இளைஞர்கள் எத்தனை பேர்! லாபம் யாரோ ஒரு முதலாளிக்கு. பிடிபட்டால் வழக்கும் அவமானமும் குருவிக்கு.

இன்று குருவி பறக்கத் தேவையில்லை. பார்சலே பறந்து வருகிறது. ஆனால் அதன்மேல் எழுதப்படும் பொய்க்குப் பொறுப்பாளி மட்டும் மாறவில்லை. பெறுநர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது!

சட்டம் எங்கே நிற்கிறது?

ஒரு காலத்தில் 5,000 ரூபாய்க்குட்பட்ட அன்பளிப்புப் பொருள்கள் தபாலிலும் கூரியரிலும் வரியின்றி வந்தன. உறவினர் அனுப்பும் பொருளுக்காகத் தரப்பட்ட இந்தச் சலுகையை வெளிநாட்டு இணைய அங்காடிகள் வளைத்துக்கொண்டன. விற்ற சரக்கையெல்லாம் அன்பளிப்பு என்று அனுப்பின. உள்ளூர் வணிகர்கள் முறையிட்டார்கள். 2019 டிசம்பரில் மத்திய அரசு அந்தக் கதவை மூடியது. உயிர் காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. மற்ற அன்பளிப்புகள் வரலாம்; ஆனால் முழு வரியும் கட்டியாக வேண்டும். ஆக, பொய் சொன்னாலும் பயனில்லாத பொய்யைத்தான் இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பொருளின் விலையோடு அனுப்பும் கூலியும் காப்பீடும் சேரும். அந்தத் தொகைமீது அடிப்படைச் சுங்க வரி. அந்த வரியின்மீது சமூக நல மேல்வரி. எல்லாம் கூட்டிய தொகைமீது ஜி.எஸ்.டி. வரிக்குமேல் வரி! சொந்த உபயோகத்திற்கான இறக்குமதிக்கு 2019இல் இருந்த வீதங்களைப் பாருங்கள்: அடிப்படை வரி 35 சதவீதம், அதில் பத்தில் ஒரு பங்கு மேல்வரி, பிறகு 28 சதவீத ஜி.எஸ்.டி. 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 3,500, 350, 3,878 என மொத்தம் 7,728 ரூபாய் வரி! பிற்பாடு வீதங்கள் இறங்கின. அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அறிவித்தார். ஆகவே வாங்கும் நாளின் வீதத்தைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகே பணம் செலுத்துங்கள். கூரியர்காரர் வாசலில் நிற்கும்போது அதிர்ச்சியடைவதில் அர்த்தமில்லை.

பொய் விலை போட்டால் என்ன ஆகும்? 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி பொருள் பறிமுதலாகலாம். தெரிந்தே பொய்யான விவரம் தந்தவருக்குப் பொருளின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க இவ்வளவு பெரிய வலையில் தலையைக் கொடுப்பதா?

மார்க்கம் என்ன சொல்கிறது?

"ஜகாத் ஒன்றுதான் கடமை, வரி என்பது அநியாயம், அதற்குத் தப்புவது பாவமல்ல" என்று சில இளைஞர்கள் வாதிடுகிறார்கள். வரியின் நியாயம் பற்றி உலமாக்களிடையே நீண்ட விவாதம் உண்டு. அதற்குள் நாம் போகவில்லை. ஆனால் பொய் எழுதுவது பற்றி விவாதம் உண்டா?

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்த சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பெற்றோர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கண்டித்தார்கள். அந்தக் கேள்வியை உங்கள் பார்சலிடம் கேளுங்கள்! நீங்கள் பணம் அனுப்பாமல் இருந்திருந்தால் அந்த 'அன்பளிப்பு' வந்திருக்குமா?

எல்லையில் வரி வாங்குவது இஸ்லாமிய வரலாற்றில் இல்லாததும் அல்ல. முஸ்லிம் வணிகர்களிடம் அயல்நாட்டார் பத்தில் ஒன்று வாங்குகிறார்கள் என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதியபோது, அவர்களிடமும் அதே அளவு வாங்கும்படி கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உத்தரவிட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 200 திர்ஹத்திற்குக் கீழ்ப்பட்ட சரக்குக்கு வரி இல்லை! எளியவனின் சிறு மூட்டையைத் தொடாத நீதி அது.

உங்கள் ஆதார், அடுத்தவர் சரக்கு

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கூரியரில் சரக்கு வர அடையாளச் சான்று வேண்டும். "உன் ஆதார் நகலைக் கொடு தம்பி, பார்சலுக்கு இவ்வளவு தருகிறேன்" என்று யாராவது கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். ஒரே மாதிரிப் பொருள்கள் இருபது வந்தால் அது சொந்த உபயோகமல்ல, வியாபாரம். அதற்குள் என்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. நாளை விசாரணை வந்தால், சரக்குக்காரன் மறைந்துவிடுவான். முஸ்லிம் இளைஞன் ஒருவனின் பெயர் மட்டும் பத்திரிகையில் வரும். ஒரு வீட்டின் தலைகுனிவாக அது நின்றுவிடுவதில்லை என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

"உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களும் உண்டு. 'டிஜிட்டல் கைது' என்பது சட்டத்திலேயே கிடையாது. நம் பெயரைச் சொல்லி மிரட்டினாலும் பயப்படாதீர்கள். பணம் அனுப்பாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

வணிகர்களே, அரசே!

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. இளைஞன் விலையைக் குறைத்து எழுதினால் உங்களுக்குக் கோபம் வருகிறது. உங்கள் சரக்கின் பில்லில் இருப்பது உண்மை விலையா? ஏற்றுமதி இறக்குமதி உரிம எண்ணை 500 ரூபாய்க் கட்டணத்தில் இணையத்திலேயே பெற முடியும்போது குறுக்கு வழி எதற்கு? ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு நாள் முகாம் நடத்தி இதை இளைஞர்களுக்குச் செய்து கொடுத்தால் எத்தனை பேர் முதலாளிகளாவார்கள்!

அரசுக்கும் சொல்கிறோம். வரித்தொகை 100 ரூபாய்க்கு மிகாவிட்டால் வசூலிப்பதில்லை என்ற சட்டச் சலுகை இன்றைய விலைவாசியில் எந்த ஏழைக்கு உதவும்? அந்த வரம்பை உயர்த்துங்கள். மாணவனின் புத்தகத்தையும் தையற்காரரின் இயந்திர உதிரிப்பாகத்தையும் ஆடம்பரப் பொருளைப் பார்க்கும் கண்ணால் பார்க்காதீர்கள். வரி எவ்வளவு, கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துத் தமிழில் ரசீது தரச் செய்யுங்கள். கொரோனாவின் கொடுமையில் 2021 மே மாதம் சொந்த உபயோகத்திற்கான ஆக்சிஜன் செறிவூட்டிகளுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யை 12 ஆக்கியதே இந்த அரசு! மனமிருந்தால் குறைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தக் கோரிக்கைகளை உரக்கக் கேட்பதற்கு நமக்கு ஒரு தகுதி வேண்டும். கணக்கில் உண்மையானவனின் குரலுக்கே மன்றத்தில் மரியாதை. ரசீது கையில் இருப்பவன்தான் அதிகாரியின் மேசைமுன் நிமிர்ந்து நின்று, "ஏன் இவ்வளவு?" என்று கேட்க முடியும். பொய்ச் சீட்டு ஒட்டியவனால் முடியாது.

அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கும் 'முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தை ஓதும் சமுதாயம் நாம். அடுத்த பார்சலுக்கு விலை எழுதச் சொல்லும்போது அதை நினைவில் கொள்ளுங்கள். வாங்கியதை வாங்கியது என்றே எழுதச் சொல்லுங்கள்.

சிந்திப்பீர்! ஹலாலான வழியில் பொருளீட்டி நிமிர்ந்து நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!