கிழமைக் கட்டுக்காசும் போகத்துக் காசும்: வன்னியில் சிறு தொழில்கள் ஏன் நின்றுபோகின்றன?

போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய நாளில் இருந்து வன்னியில் வேலையில்லாதவர்களுக்குச் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: சுயதொழில் செய்யுங்கள். கணவனை இழந்த பெண்ணுக்கும், புனர்வாழ்வு பெற்றுத் திரும்பிய முன்னாள் போராளிக்கும், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அதே பதில்தான். கூடவே ஒரு தையல் இயந்திரம், சில கோழிகள், அல்லது ஒரு கடன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வாழ்வாதாரம் பற்றி எழுதப் போகும்போதெல்லாம், நின்றுபோன தொழில்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறேன். "முயற்சி இல்லை", "உதவியை வித்துச் சாப்பிட்டிட்டினம்" என்று அதிகாரிகள் சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில் காரணம் அது அல்ல. ஊருக்குள் காசு வரும் காலமும், கடன்காரர் காசு கேட்கும் காலமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

தையலை எடுத்துக்கொள்வோம். ஒரே கிராமத்தில் பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால், பத்துப் பேருக்கும் வேலை வருமா? ஆயத்த ஆடைகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அரசாங்கம் வழங்கும் பாடசாலைச் சீருடைத் துணியைத் தைக்கும் காலத்தில் இரவிரவாக வேலை இருக்கும். அதற்குப் பிறகு, கலியாண வீடோ கோயில் திருவிழாவோ வரும்வரை இயந்திரம் மூடிக் கிடக்கும்.

பொருள் விற்கும் தொழிலைவிடச் சேவைத் தொழிலுக்கு முதல் குறைவு என்பது உண்மைதான். வாங்கி அடுக்கிவைக்கச் சரக்குத் தேவையில்லை. கைவேலையும் நம்பிக்கையும் போதும். விசுவமடுப் பக்கம் நீரிறைக்கும் இயந்திரம் திருத்தும் ஒருவர், வேலையிழந்த பிறகு ஒரு பெட்டி ஆயுதங்களுடனும் பழைய சைக்கிளுடனும் தொழிலைத் தொடங்கியவர். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அவருடைய கொப்பியைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கடன். "வெட்டு முடியத் தாறன்" என்பதே வாடிக்கையாளர்களின் பதில். அவர்கள் ஏமாற்றுபவர்கள் அல்ல. பெரும்போக அறுவடை வரும்வரை அவர்களிடமும் காசு இல்லை. சிறுபோகமோ இரணைமடு போன்ற குளங்களில் மிஞ்சும் தண்ணீரைப் பார்த்துச் செய்யப்படுவது. எல்லோருக்கும் எல்லா வருடமும் கிடைக்காது.

ஆகவே ஊருக்குள் பெருங்காசு வருவது வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. நுண்கடன் நிறுவனத்தின் ஆளோ கிழமைக்குக் கிழமை வாசலில் நிற்கிறார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,300 ரூபா வீதம் 52 கிழமைகள் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 67,600 ரூபா. வட்டி 17,600 ரூபா என்பதால் 35 வீதம் போலத் தெரியும். ஆனால் முதல் கிழமையில் இருந்தே முதலும் திருப்பிக் கட்டப்படுவதால், முழு 50,000 ரூபாவும் ஒரு வருடம் கையில் இருப்பதில்லை. உண்மையான ஆண்டு வட்டி 60 வீதத்தைத் தாண்டுகிறது. திருத்துநரின் வேலைக் காசு மாசியில் வரும். கட்டுக்காசு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கட்டியாக வேண்டும். அதற்காக இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்குகிறார்கள். நகை அடகுக்குப் போகிறது. கடைசியில் தொழிலுக்கு வாங்கிய ஆயுதமும் விற்கப்படுகிறது.

இது தனியாள் ஒருவரின் கதை அல்ல. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைக் கட்ட முடியாதிருந்த பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டியிருந்தது. 2021 இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே பிரச்சினைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அந்த வருடம் உதிரிப்பாகங்களின் விலை உயர, கொப்பியில் இருந்த பழைய கடனின் பெறுமதி தேய்ந்தது.

தாக்குப்பிடித்தவர்கள் என்ன செய்தார்கள்? நான் பேசியவர்களிடம் சில பொதுவான வழக்கங்களைக் கண்டேன். கடன் எடுத்துக் கடை போடாமல், முதலில் இன்னொருவரின் கடையில் நின்று வாடிக்கையாளரைச் சேர்த்தார்கள். சீட்டுக் காசில் ஆயுதங்களை ஒவ்வொன்றாக வாங்கினார்கள். உதிரிப்பாகத்துக்கான காசை முற்பணமாக வாங்கி, தங்கள் கூலியை மட்டும் கடனுக்கு விட்டார்கள். முக்கியமாக, மாதாமாதம் காசு வரும் வீடுகளைத் தேடிப் போனார்கள்: ஆசிரியர்கள், ஓய்வூதியம் பெறுவோர், பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள முதியவர்கள். தனித்திருக்கும் முதியவர்களை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்று, மருந்து எடுத்து, வீட்டில் கொண்டுவந்து விடுவதையே தொழிலாக்கிய பெண் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கைத்தொலைபேசியும், தெரிந்த ஓட்டோக்காரரும், ஊரின் நம்பிக்கையும் மட்டும்தான்.

ஆனால் இதை எல்லோருக்குமான மருந்தாகச் சொல்ல முடியாது. புலனாய்வாளர் வந்து விசாரித்துப்போகும் கடைக்கு வரச் சனம் தயங்கும் என்பதை முன்னாள் போராளிகள் அறிவார்கள். முடி வெட்டுவது, உடுப்பு வெளுப்பது போன்ற சேவைகளை இன்னும் சாதியோடு கட்டி வைத்திருக்கிறோம். அதனால் வருமானம் இருந்தும் பலர் அவற்றைத் தொடுவதில்லை. சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெண்ணால் வீடு வீடாகப் போய்ச் சேவை செய்ய முடியாது. காலில் ஷெல் துண்டோடு வாழ்பவரிடம் "சொந்தக்காலில் நில்லுங்கள்" என்று சொல்வது கொடுமை.

செய்யக்கூடியவை உண்டு. பெண்கள் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களிலும் சுழற்சிமுறைக் கடன்கள் ஏற்கெனவே வழங்கப்படுகின்றன. அவற்றை அறுவடைக்குப் பின் கட்டும் கடன்களாக மாற்றி, முதலையும் பெருக்கலாம். சான்றிதழ் இல்லாமலே பல வருடம் தொழில் செய்தவர்களைச் சோதித்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. பிரதேச செயலகங்கள் அதைக் கிராமத்துக்குக் கொண்டுவரலாம். பாடசாலைகளினதும் அரச அலுவலகங்களினதும் சிறு திருத்த வேலைகளை உள்ளூர்த் தொழிலாளருக்குக் கொடுத்து, காசை அந்த மாதமே கொடுக்கலாம். இவற்றைக் கேட்டு வாங்க வேண்டிய வடக்கு மாகாண சபை 2018 ஒக்ரோபருடன் கலைந்தது என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி.

அடுத்த வாழ்வாதாரத் திட்டத்துக்குப் பெயர் பதிய வருகிறவர்களிடம் நீங்கள் ஒன்றைக் கேளுங்கள்: "எங்கட ஊரிலை யாரிட்டை, எந்த மாதத்திலை காசு இருக்கும் எண்டு பார்த்தனீங்களா?" அதற்குப் பதில் இல்லாமல் தரப்படும் கடனில் கையெழுத்து வைக்க அவசரப்பட வேண்டாம்.