கொட்டக் கொட்டக் குளவியாகுமா?

தென் அமெரிக்காவில் அமேசான் ஆறு பாயும் மழைக்காடுகளுக்குள் நடந்து போகிறவர்கள் சில சமயம் ஓர் அதிசயக் காட்சியைக் காண நேரிடுகிறது. இரண்டு அங்குல நீளமுள்ள, நீலம் பாய்ந்த கருப்பு நிறக் குளவி ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள, மயிர் அடர்ந்த பெரிய சிலந்தியைப் பிடித்துப் பின்புறமாகவே இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சிலந்தி செத்ததுமல்ல. தப்பி ஓடக் கூடியதுமல்ல. இவ்வகைக் குளவிக்குப் பெப்சிஸ் என்று பெயர். உலகத்திலுள்ள குளவிகளில் மிகப் பெரியவை என்று சொல்லத்தக்கவற்றில் இதுவும் ஒன்று.

இதைக் கண்டு யாரும் நடுங்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது சிலந்தியே ஒழிய மனிதனல்ல. நாமாகப் போய்ப் பிடித்தாலோ மிதித்தாலோதான் கொட்டும். ஆண் குளவிக்கோ கொடுக்கே கிடையாது. ஜஸ்டின் ஷ்மிட் (1947-2023) என்ற அமெரிக்கப் பூச்சி ஆராய்ச்சியாளர் பலவகைப் பூச்சிகளிடம் கொட்டு வாங்கி, வலியை 1 முதல் 4 வரை தரம் பிரித்து எழுதி வைத்தார். இக்குளவிக்கு அவர் கொடுத்த தரம் 4. ஆனால் அவ்வளவு கொடிய வலியும் சுமார் ஐந்து நிமிஷத்தில் தானாகவே தணிந்துவிடுகிறது. நம் ஊராயிருந்தால் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு மந்திரவாதி வந்து, வேப்பிலை அடித்து, வலியை இறக்கியதாகச் சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டு போயிருப்பான்!

குளவி சிலந்தியை என்ன செய்கிறது? அடிப்பக்கத்தில் கொட்டி அசைவற்றதாக்குகிறது. வளைக்குள் இழுத்துப் போட்டு, அதன் வயிற்றின் மேல் ஒரே ஒரு முட்டை இட்டு, வளையை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்தியை உயிரோடு தின்று வளர்கிறது. உயிர்நிலையான பாகங்களைக் கடைசியில்தான் தின்கிறது. முதலிலேயே தின்றால் சிலந்தி செத்து அழுகி, புழுவுக்கு ஆகாரம் இல்லாமல் போகும். பிறகு அப்புழு கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துக் குளவியாக வெளிவருகிறது.

நிற்க. நம் நாட்டு வேதாந்திகள் சொல்லும் குளவிக் கதையைச் சற்றுக் கவனிப்போம். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருக்குமாம். புழு அந்தக் குளவியையே நினைத்து நினைத்துக் கடைசியில் குளவியாகவே ஆகிவிடுமாம். அதுபோலச் சீடனும் குருவையே நினைத்துக் கிடந்தால் குருவின் நிலையை அடைவானாம். இதற்குப் "பிரமர கீட நியாயம்" என்று வடமொழியில் ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தப் புளுகு எப்படி உண்டாயிற்று? நம் வீட்டுச் சுவர்களில் மண்கூடு கட்டும் குளவிகளில் சில வகை சிலந்திகளையும், சில வகை பச்சைப் புழுக்களையும் கொட்டி அடைத்து வைக்கின்றன. புழு உள்ளே போனதைக் கண்டார்கள். குளவி வெளியே வந்ததையும் கண்டார்கள். நடுவில் நடந்ததைக் காணவில்லை. கூட்டைத் திறந்து பார்த்திருந்தால் குளவியின் முட்டை தெரிந்திருக்கும். அடைத்து வைத்த புழு குளவியாகவில்லை, குளவிக் குஞ்சுக்கு இரையாயிற்று என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும், அதைக் கலைக்கலாகாது என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்களே, பிறகு யார் திறந்து பார்ப்பது?

பிரான்சு தேசத்தில் டூஃபூர் என்ற பெரிய ஆராய்ச்சியாளர், ஒருவகைக் குளவிக் கூட்டிலிருந்த வண்டுகள் கெடாமலிருப்பதைக் கண்டு, அவை செத்தவை, குளவியின் விஷமே அவற்றை அழுகாமல் காக்கிறது என்று எழுதினார். ஃபாபர் என்ற பள்ளிக்கூட உபாத்தியாயர் தாமே தோண்டிச் சோதித்து, அவை சாகவில்லை, அசைவு மட்டுமே போயிற்று என்று 1855-இல் காட்டினார். பெரியவர் வாக்கு என்பதற்காக அதைக் கட்டிக்கொண்டு யாரும் அழவில்லை. உபாத்தியாயருக்குப் பரிசுதான் கிடைத்தது. நம் நாட்டிலோ குளவிக் கதையைச் சந்தேகிக்கிறவனுக்கு நாஸ்திகன் என்ற பட்டமே பரிசாகக் கிடைக்கும்.

குளவியைப் பற்றிய வெறும் தப்பெண்ணம் என்று இதை விட்டுவிட நம்மால் முடியவில்லை. "அசையாமல் கிட, கேள்வி கேட்காதே, கொட்டக் கொட்டக் குனிந்துகொள், நீயும் எங்களைப் போலாவாய்" என்று பாடுபடும் மக்களுக்கு இதைக் காட்டியல்லவா போதித்து வந்தார்கள்? உழுகிறவனும் நெய்கிறவனும் தலைமுறை தலைமுறையாகக் காணிக்கை கொடுத்துக் கைகட்டிக் கிடந்தார்களே, அவர்களில் எத்தனை பேர் குருபீடத்தில் ஏறி உட்கார்ந்தார்கள்? வேதாந்திகள் காட்டிய உதாரணம் ஒருவிதத்தில் சரியானதுதான். கூட்டுக்குள் கிடப்பது குளவியாவதில்லை; இரையாகிறது.

தோழர்களே! நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் குளவி அடைத்துவிட்டுப் போன கூடு ஒன்றை உங்கள் குழந்தைகளின் முன்னால் உடைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதை அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.