பழைய ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

கடையில் வாங்கிய கேரம் பலகை நம் வீட்டில் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் இருக்கும். அதைச் செய்த கம்பெனி வந்து கோடுகளை மாற்றி வரைய முடியாது. இன்டர்நெட் மூலம் ஆடும் ஆட்டங்களின் கதை வேறு. அவை கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இரவோடு இரவாக விதி மாறினால், காலையில் புது விதிப்படிதான் ஆடவேண்டும்.

இதை எதிர்த்து ஆட்டக்காரர்கள் வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு.

ஓட்டுக்கு விட்டார்கள்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஜாகெக்ஸ் கம்பெனியின் ஆட்டம் "ரூன்ஸ்கேப்". 2012-ம் ஆண்டு நவம்பரில் அதன் சண்டை முறை அடியோடு மாற்றப்பட்டது. வெறுத்துப்போன பலர் விலகினார்கள். 2007-ம் ஆண்டு ஆகஸ்டில் எடுத்துவைத்த பிரதி ஒன்று கம்பெனியிடம் இருந்தது. அதைத் திறக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் ஓட்டுக்கு விட்டார்கள். 4 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அதே மாதம் 22-ந் தேதி பழைய ஆட்டம் திறக்கப்பட்டது. இன்று புதியதைவிட பழையதில்தான் கூட்டம் அதிகம். அதில் முக்கிய மாறுதல்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் ஓட்டுக்கு வருகின்றன. 100-க்கு 70 பேர் சம்மதிக்க வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ்

அமெரிக்காவின் பிளிசார்டு கம்பெனி முதலில் இறங்கி வரவில்லை. அதன் "வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்" 2004-ல் வந்தது. 2010-ல் பழைய ஊர்களும் பாதைகளும் மாற்றப்பட்டன. பிரான்சு நாட்டு ஆர்வலர்கள் சிலர் பழைய ஆட்டத்தை "நோஸ்டால்ரியஸ்" என்ற பெயரில் தாங்களே இலவசமாக நடத்தினார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தது. 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டது. 2 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். கடைசியில் 2019 ஆகஸ்டில் கம்பெனியே பழைய ஆட்டத்தைத் திறந்தது.

கம்பெனியின் கணக்கு

கம்பெனிகள் தயங்குவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு ஆட்டம் நடத்தினால் இரட்டிப்பு வேலை. ஆட்டக்காரர்களும் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஆனால் மேற்சொன்ன இரண்டிலும் மாதச்சந்தா உண்டு. விலகிப்போன சந்தாதாரர் ஒவ்வொருவரும் நின்றுபோன சந்தா. மனுவோடு இந்தக் கணக்கும் சேர்ந்துதான் கதவைத் திறந்தது எனலாம்.

இந்தக் கணக்கு ஒத்துவராத இடத்தில் கதவு திறப்பதில்லை. பிரான்சின் யூபிசாப்ட் கம்பெனி "தி குரூ" என்ற கார் பந்தய ஆட்டத்தை 2024 மார்ச் 31-ந் தேதியோடு நிறுத்தியது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களும் அதன்பின் ஆட முடியவில்லை. விற்ற ஆட்டத்தை ஆட முடியாதபடி செய்யக்கூடாது என்று ஐரோப்பாவில் மனு கிளம்பியது. 2025 ஜூலைக்குள் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது.

ஆக, பிரச்சினை பழையதா, புதியதா என்பதல்ல. காசு கொடுத்தவன் வாங்கியது பொருளையா, அனுமதியையா என்பதே கேள்வி. இன்றைய நிலையில் பெரும்பாலும் அனுமதிதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து செல்போன் ஆட்டத்தில் துப்பாக்கியும் சட்டையும் வாங்கும் நம் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.