இரண்டாவது காப்பி எங்கே?

'எந்த ஸ்கூலில் பிள்ளையைச் சேர்க்கலாம்' என்பதற்கு அடுத்தபடியாக இப்போது நடுத்தரக் குடும்பங்களில் அதிகம் அடிபடும் கேள்வி, 'எந்தக் கம்பெனி நாஸ் வாங்கலாம்?' என்பது. இரண்டு டிஸ்க்கா, நான்கு டிஸ்க்கா, எத்தனை டெராபைட், என்ன பிராசஸர் என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

நாஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. உங்கள் வீட்டு ரவுட்டரோடு ஒரு கேபிளில் இணைத்து மூலையில் வைத்துவிடுகிற பெட்டி அது. உள்ளே சில ஹார்டு டிஸ்க், கூடவே ஒரு சின்ன கம்ப்யூட்டர். வீட்டிலுள்ள போன், லேப்டாப், டி.வி. எல்லாம் அதைப் பொதுவாகப் பயன்படுத்தலாம். ஹாலில் அப்பா பழைய படம் பார்ப்பார். உள்ளே பெண் பாட்டு கேட்பாள். அம்மா போனில் எடுத்த போட்டோக்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தாமே அதில் போய்ச் சேர்ந்துவிடும். நல்ல சாதனம். என் சண்டை அதோடு அல்ல. அதை வாங்கிய மறுநாளே 'அப்பாடா, இனிமே எல்லாம் பத்திரம்' என்று நிம்மதியாகத் தூங்குகிறீர்களே, அந்தத் தூக்கத்தோடும், அதைக் காசுக்கு விற்கிறவர்களோடும்தான்.

முதலில் ஒரு கணக்கு போடுங்கள். அந்தப் பெட்டியில் நீங்கள் வைக்கப்போவது இரண்டு ஜாதி. ஒன்று சினிமா, சீரியல், பாட்டு. இன்னொன்று கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் நடை, காலமான தாத்தாவின் குரல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன். முதல் ஜாதி முழுக்க அழிந்துபோனாலும் ஒன்றும் குடிமுழுகாது. எங்கேயாவது திரும்பக் கிடைக்கும். இரண்டாவது ஜாதி போனால் போனதுதான். பல வீடுகளில் முதலாவது ஐந்து டெராபைட் இருக்கிறது, இரண்டாவது அரை டெராபைட்டைத் தாண்டுவதில்லை. ஆனால் செலவு முழுக்க அந்த ஐந்துக்காகத்தான். அரைக்கு ஒரு பைசா தனியாகச் செலவு செய்ய மனசு வருவதில்லை.

கடைக்காரர் என்ன சொல்வார்? "சார், ரெய்டு போட்டுருங்க, கவலையே வேண்டாம்!" இது வருமான வரி ரெய்டு அல்ல. இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டே போகும் ஏற்பாடு. ஒரு டிஸ்க் செத்துப்போனால் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். உண்மை. ஆனால் அது காப்பாற்றுவது அந்த ஒரே ஒரு ஆபத்திலிருந்துதான். பையன் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே விநாடியில் அழியும். வைரஸ் பூட்டுப் போட்டால் இரண்டுக்கும் சேர்த்துப் போடும். திருடன் ஒரு டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை உங்களுக்கு விட்டுவிட்டுப் போகமாட்டான். ரெய்டு என்பது ஸ்டெப்னி டயர். வண்டியே ஆற்றில் போனால் ஸ்டெப்னியும் கூடவே போகும்.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டியை வைத்திருந்தவர்கள் பல நாடுகளில் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. இன்டர்நெட் வழியாக யாரோ புகுந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அதைத் துடைத்துவிட்டிருந்தார்கள். அந்த மாடலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதைக் கம்பெனி 2015-லேயே நிறுத்திவிட்டிருந்தது. அதே 2021 ஏப்ரலில் க்யூநாப் பெட்டிகளுக்குள் ஒரு கும்பல் நுழைந்து, கோப்புகளையெல்லாம் பாஸ்வேர்டு போட்டு மூடிவிட்டு, பிட்காயினில் பணம் கேட்டது. 2022 ஜனவரியில் இன்னொரு கும்பல் அதே கம்பெனிப் பெட்டிகளில் அதே வேலையைச் செய்தது. இவற்றில் எதையும் ரெய்டு தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது. அதன் வேலையே வேறு.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கே வாருங்கள். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு பெருகி, முடிச்சூர் தெருக்களில் படகு விட்டு ஜனங்களை மீட்டார்கள். தரைத்தளத்தில் டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த ஒரு பெட்டியை நினைத்துப் பாருங்கள். ரெய்டு போட்ட இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே முங்கியிருக்கும். 2022 டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் கரையேறியது எங்கே? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு, புயல் வராத நாளிலும் உப்புக்காற்று உண்டு. ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று சர்க்யூட்டை மட்டும் கும்பிட்டுவிட்டுப் போகாது.

"அதனாலதான் சார் நான் க்ளவுடுக்குப் போயிட்டேன்" என்கிறீர்களா? சரி, க்ளவுட் என்று நிமிர்ந்து வானத்தைப் பார்க்காதீர்கள். சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் போனால் சிறுசேரி சிப்காட் வருகிறது. ஜன்னல் குறைந்த பெரிய பெரிய கட்டடங்களாக டேட்டா சென்டர்கள் அங்கே நிற்கின்றன. மேகம் என்பது அதுதான்: இன்னொருவருடைய கட்டடத்தில், இன்னொருவருடைய ஹார்டு டிஸ்க். உங்கள் வீட்டைவிட நன்றாகக் காவல் காக்கப்படும். ஆனால் நெருப்புக்கும் மனிதத் தவறுக்கும் அப்பாற்பட்டதல்ல.

2025 செப்டம்பர் 26-ம் தேதி தென்கொரியாவின் டேஜன் நகரில் அரசாங்க டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' அடியோடு போயிற்று. 858 டெராபைட். 'அளவு ரொம்பப் பெரிசு, அதனால் வெளியே காப்பி எடுக்கவில்லை' என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். உலகத்துக்கே மெமரி சிப் செய்து தருகிற தேசம் இது! 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் க்ளவுட் கணக்கையே கூகுள் ஒரு தவறான செட்டிங்கால் அழித்துவிட்டது. இரண்டு வேறு இடங்களில் வைத்திருந்தார்கள். கணக்கு ஒன்று என்பதால் இரண்டும் போயிற்று. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது வேறொரு கம்பெனியிடம் வைத்திருந்த இன்னொரு காப்பி. ஆகவே இடம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, கையும் வேறாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, க்ளவுட் ஒரு வாடகை வீடு. கூகுள் போட்டோஸ் 'எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம்' என்று பழக்கிவிட்டு 2021 ஜூன் முதல் தேதியோடு அந்தச் சலுகையை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா? வாடகை ஏறினால் காலி செய்து போகலாம் என்றால் அதுவும் லேசல்ல. 100 மெகாபிட் வேகம் ஒரு விநாடிகூடக் குறையாமல் கிடைத்தாலும் 4 டெராபைட்டை இறக்கக் கிட்டத்தட்ட 4 நாள் ஆகும். அதனால் க்ளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அரை டெராபைட்டுக்கு அது ஒரு நல்ல கூடுதல் காப்பி. ஒரே காப்பியாக இருந்தால்தான் ஆபத்து.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: 3-2-1. மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கியது. அமெரிக்கச் சரக்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் மாமல்லபுரம் வரை ஒரு நடை போய்வரலாம். அங்கே கணேச ரதத்தில் ஒரு பல்லவர் கால சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அதே வாசகம் தர்மராஜ மண்டபத்திலும் இருக்கிறது. சில கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பம் அதிரணசண்டக் குடைவரைக்குப் போனால், அதன் பாடல்களில் சில அங்கேயும். அங்கே ஒரு சுவரில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டி, எதிர்ச் சுவரில் கிட்டத்தட்ட அதே வாசகத்தை நாகரி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். பல காப்பி, இரண்டு வகை எழுத்து, வெளியூரில் ஒன்று! நோக்கம் அரசன் புகழும் ஈசன் புகழும்தான். ஆனால் ஒரு சுவர் சிதைந்தாலும் வாசகம் பிழைத்திருக்கும். அதே சாளுவன்குப்பத்தில் மணலுக்குள் போய்விட்ட முருகன் கோவில், 2004 டிசம்பர் 26 சுனாமி ஒரு கல்வெட்டுப் பாறையைக் காட்டிக் கொடுத்ததால்தான் மறுவருடம் தோண்டி எடுக்கப்பட்டது. கடல் கல்லைத் திருப்பிக் கொடுத்தது. ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்காது.

சரி, என்னதான் வாங்குவது? கையில் காசு குறைவு என்றால் நாஸ் வாங்கவே வாங்காதீர்கள். இதை எந்தக் கடையிலும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். சாதாரண யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் இரண்டு, வெவ்வேறு கம்பெனியில் வாங்குங்கள். போட்டோ, வீடியோ, பத்திரம் எல்லாவற்றையும் இரண்டிலும் ஏற்றி, ஒன்றை வெளியூரில் வையுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் விலை உயர்ந்த நாஸைவிட இந்த ஏழை ஏற்பாடு பலமடங்கு உத்தமம். கல்யாண ஸ்டூடியோ கொடுத்த பென் டிரைவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது வருடக்கணக்கில் பூட்டி வைக்கப் பிறந்த சாதனம் அல்ல.

வசதி இருந்தால் இரண்டு டிஸ்க் நாஸ் ஒன்று போதும். படம் ஓட்டுவதற்காக எகிறும் விலையில் பிராசஸர் வேண்டாம். 4கே ப்ளூ-ரே படமே அதிகபட்சம் 128 மெகாபிட் வேகத்தில்தான் ஓடும். சாதாரண கிகாபிட் கேபிள் அதைப்போல ஏழு மடங்கு தாங்கும். டி.வி.க்குப் புரியாத வடிவத்தில் இருக்கும் படத்தை ஓடஓட மாற்றித் தருவதற்குத்தான் பெரிய பிராசஸர். இன்றைய டி.வி.க்களுக்குப் பெரும்பாலான வடிவங்கள் நேராகவே புரிகின்றன. படம் திக்கினால் பெட்டியைத் திட்டாதீர்கள், முதலில் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். படங்களை அடுக்கிக் காட்ட ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

டிஸ்க் வாங்கும்போது 'சி.எம்.ஆர்.' வகையா என்று கேட்டு வாங்குங்கள். நாஸுக்கென்றே விற்ற 'ரெட்' டிஸ்க்குகள் சிலவற்றில், அந்த வேலைக்குச் சரிவராத 'எஸ்.எம்.ஆர்.' முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-ல்தான் ஒப்புக்கொண்டது. யார் டிஸ்க்கையும் போடவிடுகிற பெட்டியாகப் பாருங்கள். 2025-ல் சைனாலஜி தன் புதிய ப்ளஸ் மாடல்களில் தான் அங்கீகரித்த டிஸ்க்கைத்தான் போட வேண்டும் என்றது. வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சலில் அந்த வருடமே அக்டோபரில் பின்வாங்கியது. கூச்சல் போடுவதால் பலன் உண்டு என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நம்மூர் கரென்ட்டுக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். கட்டாயம். பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 20 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்குச் சுமார் 29 யூனிட். வெளியூரிலிருந்து படம் பார்க்கலாமே என்ற ஆசையில் இன்டர்நெட்டுக்கு அதன் கதவைத் திறந்து வைக்காதீர்கள். க்யூநாப் பெட்டிகளில் திருடன் வந்த வழி அதுதான்.

பிறகு அந்த வெளியூர்க் காப்பி. மாமல்லபுரத்தில் இருப்பவர் திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர் உள்ளே வந்து செங்கல்பட்டில் மச்சான் வீட்டில் ஒரு டிஸ்க்கை வைக்கலாம். அதே புயல் அங்கேயும் வரும் என்று பயமிருந்தால் மதுரைச் சித்தி வீடு இன்னும் நல்லது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கொடுங்கள், சித்தி கோபித்துக்கொள்ளமாட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புது டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வாருங்கள். உறவும் பலப்படும்.

கடைசியாக, வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தக் காப்பியிலிருந்து பத்து போட்டோவைத் திறந்து பாருங்கள். திறக்காத காப்பி, காப்பி அல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்குக் கிளம்பும் முன், வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இன்று ராத்திரி இந்த வீடு தண்ணீரில் போனால், நம்முடைய கல்யாண போட்டோ வேறு எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறது?' பதில் வருகிற வரைக்கும் பர்ஸைத் திறக்காதீர்கள்.